பூட்டி வைத்த பித்தளை

செகரட்டரி சார் அவர்களுக்கு, உங்களைப் பெற்றவன் எழுதிக்கொள்வது. மகனே என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் நீ செகரட்டரி சார்தான், இன்றைக்கு ஒரு நாள் எனக்கும் அப்படியே இருந்துவிட்டுப் போ. இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கப் போவதில்லை. லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டப் போகிறேன். வீட்டு விஷயத்தை இப்படி ஊர் பார்க்க ஒட்டலாமா என்று உன் அம்மா கேட்கிறாள். வாட்ச்மேன் ஏழுமலையைத் திருடன் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு நாற்பது வீட்டுக்கும் சொன்னாயே, அவனுக்கும் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டிலும் நாலு பேர் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதா? ஊரைக் கூட்டிச் சொன்ன பொய்க்கு நான் உன் காதில் மட்டும் பதில் சொன்னால் அது பதிலே ஆகாது.

நின்று படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும் என்று நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். போன சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மூன்றாவது மாடியில் ஸ்டெல்லாவின் வீட்டில் தீப்பிடித்தது. நர்ஸ் வேலை பார்க்கிற பெண். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து, அடுத்த நாள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பாதியில் கரண்ட் போனது. பெட்டியை மெத்தைமேலேயே வைத்துவிட்டு அடுத்த அறையில் போய்ச் சாய்ந்தவள் அசந்து தூங்கிவிட்டாள். கரண்ட் திரும்பி வந்தது அவளுக்குத் தெரியாது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல இங்கே யாருக்கும் யோக்கியதை இல்லை, இரவெல்லாம் அடுத்தவர்களின் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவள் அவள். ஆனால் நீயும் உன் பெண்டாட்டியும் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணையுங்கள், அதற்குப் பிறகு யாரை வேண்டுமானாலும் திட்டுங்கள்.

கேட்டில் இருந்த ஏழுமலைதான் புகையைப் பார்த்தான். அவன் மாடியேறி ஓடியபோது முதல் மாடியில் இருந்து நானும் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் செருப்பு ஸ்டாண்டும் பூந்தொட்டியும் குழந்தைகளின் சைக்கிளும். அதையெல்லாம் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் போடுகிற தைரியம் உனக்கு ஒருநாளும் வந்ததில்லை, ஓட்டு போய்விடும். ஏழுமலை தோளால் இடித்து ஸ்டெல்லா வீட்டுக் கதவைத் திறந்தான். முன்னறை முழுக்கப் புகை, அதற்கப்பால் படுக்கையறையில் மெத்தை கொழுந்துவிட்டு எரிகிறது, அதற்கும் அடுத்த அறையில் ஸ்டெல்லா. படிக்கட்டுச் சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டியைத் திறந்து தீயணைக்கும் குழாயை இழுத்து உதறினான், சுவரில் இருக்கும் வால்வில் மாட்டினான், என்னைத் திருப்பச் சொன்னான். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன், வால்வு திருப்ப எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் வந்தது. வந்து அவன் காலடியில் கொட்டியது.

"வாய் இல்லய்யா இதுல! தண்ணி காலாண்டயே ஊத்திகினு கீது, உள்ள பீச்சவே மாட்டேங்குது!" என்று கத்தினான்.

செகரட்டரி சாருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்தால் தண்ணீர் எட்டிப் பாயும் இல்லையா, அந்தக் கட்டைவிரல் வேலையைச் செய்வதுதான் குழாய் நுனியில் மாட்டும் பித்தளை நாசில். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய டேங்க் இருந்தும் படிக்கட்டைக் கழுவலாம், அவ்வளவுதான். ஒரு மாடிக்கு ஒன்று என்று இரண்டு பிளாக்கிலும் சேர்த்துப் பத்து பெட்டி. பத்திலும் நாசில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உனக்கு ஃபோன் போட்டேன். நீ குன்றத்தூரில் உன் மைத்துனன் கல்யாணத்தில் இருந்தாய்.

"சாவி எங்கடா?"

"எந்தச் சாவிப்பா?"

"ஆபீஸ் ரூம் பீரோ சாவிடா! ஸ்டெல்லா வூடு எரியுது!"

"ஐயோ, அது என்கிட்டதாம்பா இருக்கு. பாக்கெட்லயே இருக்கு. இதோ கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்."

கிளம்பிட்டேன் என்று நீ சொன்னது பின்னால் நாதஸ்வரத்தோடு சேர்ந்து கேட்டது. நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கீழே அசோசியேஷன் அறைக்கு ஓடி பீரோவை நெம்பினேன். நல்ல பீரோ, நான்தான் பார்த்து வாங்கித் தந்தேன், கதவு அசையவில்லை. நான் பீரோவோடு மல்லுக்கட்டிய நேரத்தில் ஏழுமலை துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு காலடியில் தேங்கிய தண்ணீரிலிருந்து நெருப்புக்குள் போயிருக்கிறான். எரிந்துகொண்டிருந்த திரைச்சீலை கம்பியோடு அவன் கைமேல் விழுந்திருக்கிறது. கொதித்துக் கிடந்த கைப்பிடியை அந்தக் கையாலேயே பிடித்து இழுத்துக் கதவைத் திறந்து, மயங்கிக் கிடந்த பெண்ணைத் தூக்கி வந்துவிட்டான். கீழே நின்று வீடியோ எடுத்தவர்களை எண்ண முடியவில்லை. வாளி எடுத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிட்டேன்.

தீயணைப்பு வண்டி வந்து கொஞ்ச நேரத்தில் தீயை அடக்கினார்கள். ஸ்டெல்லா பிழைத்துக்கொண்டாள், அவள் படித்து வாங்கிய சர்டிஃபிகேட் எல்லாம் போய்விட்டது. நீ பட்டு வேட்டியோடு வந்து சேர்ந்தாய். வந்த அதிகாரி கேட்டார், "ஒரு பெட்டியில்கூட நாசில் இல்லையே, எங்க சார் போச்சு?" நீ என்னைப் பார்த்தாய். ஒரு நிமிஷம்கூட இல்லை, சும்மா ஒரு பார்வை. பிறகு அவர் பக்கம் திரும்பி, "திருடு போயிருக்கு சார். இந்த வாட்ச்மேன் வந்து எட்டு மாசம்தான் ஆகுது, அவன் மேலதான் டவுட்" என்றாய். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸில் ஏழுமலைக்கு ட்ரிப் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. நாலு பேர் முன்னால் மகனைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்று நின்றேன். அப்படி நின்றதற்காக என்னை நானே இன்னும் செருப்பால் அடித்துக்கொள்ளவில்லை, அது ஒன்றுதான் பாக்கி.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன், உன்னை மட்டும் நிறுத்தி வைத்து நான் தப்பிக்கப் போவதில்லை. நாசிலைக் கழற்றுகிற யோசனை என்னுடையது. போன வருஷம் பக்கத்து அபார்ட்மென்ட்டில் பித்தளை நாசில்களை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். காப்பி குடித்துக்கொண்டே நான்தான் சொன்னேன், "நாமளே கழட்டி வெச்சிடலாம்டா, வேணும்னா மாட்டிக்கலாம்" என்று. உனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரெஞ்சை எடுத்துக்கொண்டு இரண்டு பிளாக்கிலும் மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேப்பரில் சுற்றிச் சாக்கில் போட்டுக் கொடுத்தேன், நீ பீரோவில் வைத்துப் பூட்டினாய். சர்வீஸ் பார்க்கிற கம்பெனி ஆள் வருஷத்துக்கு ஒருமுறை வரும்போது எடுத்து மாட்டினோம், அவன் போட்டோ எடுத்துக்கொண்டு போனதும் கழற்றிவிட்டோம். திருவிழா அன்றைக்கு மட்டும் சாமிக்கு நகை போட்டுவிட்டு மறுநாள் பெட்டியில் வைக்கிற கோயில் மாதிரி நடத்தினோம். சாமிக்கு அது சரி. நெருப்பு பஞ்சாங்கம் பார்த்து வராது.

இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நான் வேலை பார்த்த பட்டறையில் முதலுதவிப் பெட்டி என் பொறுப்பில் இருந்தது. பஞ்சும் பிளாஸ்திரியும் காணாமல் போகிறது என்று அதற்கு ஒரு பூட்டு போட்டேன். மாதக் கடைசியில் ஒரு துண்டு பஞ்சுகூடக் குறையாது, மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். ஒருநாள் நான் டீ குடிக்கப் போயிருந்தபோது தாமஸ் என்ற ஆப்பரேட்டருக்கு மிஷினில் கை மாட்டிக்கொண்டது. பெட்டி சுவரில், சாவி என் சட்டைப் பையில். பனியனைக் கழற்றிச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு விரல் போய்விட்டது. அந்த மனுஷன் ரிட்டயர் ஆகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு இந்தக் கதை புதிதாக இருக்கும். ஏனென்றால் பெட்டி எப்போதும் நிறைந்திருந்த பெருமையைத்தான் நான் சாப்பாட்டு நேரத்தில் உனக்குச் சொல்லி வளர்த்தேன். தாமஸைப் பற்றி நான் சொல்லவே இல்லை. பாதிக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை பாதி மனுஷனாகத்தான் நிற்கிறது.

அதாவது போகட்டும், 2015 வெள்ளம் உனக்கே தெரியும், நீ அப்போது காலேஜில் இருந்தாய். இதே இடத்தில் நம் ஓட்டு வீடு, முடிச்சூர் முழுக்கத் தண்ணீர். படகு வாசலுக்கு வந்து நிற்கிறது. உன் அம்மா மார்பளவு தண்ணீரில் உன் தோளைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறாள். நான் உள்ளே பீரோவைப் பரண்மேல் ஏற்ற ஆள் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறேன். படகுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யோவ் பெர்சு, பீரோ வேணுமா, பொண்டாட்டி வேணுமா? சட்டுனு சொல்லு, இன்னும் ஜனம் காத்துகினு கீது" என்றார். நீ சிரித்தாய். நானும் பிறகு சிரித்துச் சிரித்து அதை எல்லோருக்கும் சொன்னேன். உன் அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு அன்று வந்த காய்ச்சல் ஒரு மாதம் கழித்துத்தான் இறங்கியது. பொருளைக் காப்பாற்றத் தெரிந்தவன் கெட்டிக்காரன் என்று நான் உனக்குப் பாடம் நடத்திய லட்சணம் இதுதான். நீ நல்ல மாணவன், பாடத்தை அப்படியே ஒப்பித்துவிட்டாய்.

ஆனால் ஒன்று, பழியைத் தூக்கி அடுத்தவன் தலையில் வைக்கிற வித்தையை நான் உனக்குக் கற்றுத்தரவில்லை. அதை நீயே சம்பாதித்துக்கொண்டாய். தீப்பிடித்த அன்று சாயங்காலம் அந்தச் சாக்கை பீரோவிலிருந்து எடுத்து, துணி மூட்டை மாதிரி போர்வை சுற்றி, என் வீட்டுக்குக் கொண்டுவந்து என் கட்டிலுக்கடியில் தள்ளினாயே, அப்போது என்ன சொன்னாய்? "நீ கொஞ்ச நாளைக்குக் கம்முனு இருப்பா. அசோசியேஷன் பேர் கெட்டுச்சுன்னா இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான், நாளைக்கு ஃபிளாட் விலை இறங்கிடும். அவன் வாட்ச்மேன்தானே, வேற இடத்துல வேலை பாத்துப்பான்." அவன் வாட்ச்மேன்தானே! என் அப்பனும் பாட்டனும் அடுத்தவன் வயலில் காவல் இருந்து சம்பாதித்த நிலத்தை பில்டரிடம் கொடுத்து வந்ததுதான் உன் வீடும் என் வீடும். இரண்டு தலைமுறை தள்ளி வந்ததும் காவல்காரன் உனக்கு 'தானே' ஆகிவிட்டான்.

ஐந்து நாள் அந்தச் சாக்கின்மேல் படுத்தேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ எழுதிக் கொடுத்த புகாருக்காகப் போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார். ஏழுமலை என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான், வேண்டாம் என்று பிடித்துக்கொண்டேன். இதை நீ நன்றாகக் கேட்டுக்கொள். அவனுக்கு எல்லாம் தெரியும். நாலைந்து மாதத்துக்கு முன்னால் அவன் பெட்டியைத் துடைக்கும்போது என்னிடம் கேட்டான், "அய்யா, பைப்புக்கு வாய் இல்லியே, யாரும் சுட்டுட்டாங்களா?" என்று. "அதெல்லாம் செகரட்டரிகிட்ட பத்திரமா இருக்குப்பா" என்று நான்தான் சொன்னேன். பித்தளை எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆளைத்தான் நீ பித்தளைத் திருடன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். அவன் வாயைத் திறந்திருந்தால் நீ அன்றைக்கே மாட்டியிருப்பாய்.

"போலீஸ்காரர் கேட்டப்போ ஏம்ப்பா சொல்லல?" என்றேன்.

"நான் சொன்னா யாருய்யா நம்புவாங்க? வேலை போகப்போற கோவத்துல சொல்றான்னு சொல்லுவாங்க. நீங்க இருந்தீங்களே, நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றான்.

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இதை வாங்கிக்கொண்டு என்னால் வீடு திரும்ப முடியவில்லை. பெருங்களத்தூர் வரை பஸ்ஸில் வந்து, இறங்க மனமில்லாமல் தாம்பரம் போய், அங்கே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். எழுபது வயதுக் கிழவன் பஸ் ஸ்டாண்டில் அழுதால் பணத்தைத் தொலைத்துவிட்டான் என்று நினைக்கிறார்கள். ஒரு பெண் தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். பாவம் செய்தது இரண்டு ஆள், அப்பனும் பிள்ளையும். பழி மட்டும் கை வெந்து கிடக்கிறவன் தலையில்.

ஆகவே இனி நீ கட்டிலுக்கடியில் குனிந்து தேட வேண்டாம். இன்று காலை நீ காரை சர்வீசுக்கு விடப் போனபோது, ஆட்டோ பிடித்துச் சாக்கை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். கழற்றியது நான், கழற்றச் சொன்னது நான், பூட்டியது என் மகன், ஏழுமலை எதையும் தொடவில்லை என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். "பெரியவரே, பையன் பேரையும் எழுதியிருக்கீங்க, யோசிச்சுத்தான் எழுதினீங்களா?" என்றார். ஒரு வாரமா யோசிச்சேன் சார் என்றேன். பத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு, "கூப்பிட்டா ரெண்டு பேரும் வரணும். முதல்ல இதைக் கொண்டுபோய் மாட்டுங்க" என்றார். மாட்டிவிட்டேன். கரி பிடித்த மூன்றாவது மாடிப் பெட்டியிலும் மாட்டிவிட்டேன். நாளை எவனாவது வந்து பத்தையும் திருடிக்கொண்டு போகட்டும், மறுநாளே பத்து வாங்கி மாட்டு. திருடன் எடுத்தால் ஒரு பொருள் போகும். நாம் எடுத்து வைத்ததில் ஒரு மனுஷி போகப் பார்த்தாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மீட்டிங். ஏழுமலையை நீக்குவது என்று முதல் விஷயமாகப் போட்டிருக்கிறாய். நான் வருவேன், எழுந்து நிற்பேன், இதில் எழுதியதை வாயாலும் சொல்வேன். நீ என்னை உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன். உன் செகரட்டரி பதவி போகும், போகட்டும். கேஸ் வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து போவோம், உன்னைத் தனியாக விட மாட்டேன், அந்த மட்டில் அப்பன்தான். உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இந்தப் பிறவியில் தீருமா என்று தெரியவில்லை. என்மேல் இருக்கிறது தீராது என்று தெரியும்.

மீட்டிங் முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போ. பூ, பழம், கவர் எதுவும் கொண்டுபோகாதே. ஏழுமலைக்கு வலது கை தோள்வரைக்கும் கட்டு. அவன் சம்சாரம் வேலை முடிந்து சாயங்காலம்தான் வர முடிகிறது. இடது கையால் சாப்பிட அவனுக்குக் கூசுகிறது, நர்ஸிடம் கேட்கவும் வெட்கப்படுகிறான், மதியச் சோறு அப்படியே ஆறிக் கிடந்து திரும்பிப் போகிறது. மன்னிப்பெல்லாம் அவன் வயிறு நிறைந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம். கையைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் உட்கார், சோற்றைப் பிசைந்து அவனுக்கு ஊட்டிவிடு.